துறைமுகத்தில் இரும்பும் நாறும்

சவாஹிர் நானா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது, கடையில் ஒருவருக்காகப் பழைய கமெரா ஒன்றின் இணைய ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல்துறைக் கரையிலிருந்து மீனவர் அந்தோணி அண்ணன் தொலைபேசியில் கதைத்தார். "தங்கச்சி, நானா போய்ட்டார். லுஹர் தொழுதிட்டு வந்து கதிரையில இருந்தவர், அப்பிடியே போய்ட்டார்." எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த மனிதர் எப்போது கதிரையில் இருந்தார்? என் கடையில் கதிரையை இழுத்துப் போட்டால் தொப்பியைக் கழற்றி அதில் வைப்பார். தான் நின்றுகொண்டே கதைப்பார். கடைசியாக ஒரு தடவை இருந்தார், அதோடு முடிந்தது. கமெராவை யார் எடுத்தார்கள் என்றுகூட நான் பார்க்கவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு புத்தளத்துக்கு வந்த முஸ்லிம்களில் அவரும் ஒருவர். எங்கள் கரையில் மீன் ஏலம் கூறுவது அவருடைய தொழில். மணலில் கொட்டிய மீனைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே விலை கூறுவார். கரைக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. வாங்குகிறவர் வாயால் சொன்ன விலைதான் விலை. அதற்குமேல் அவர் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. ஏலம் கூறுகிறவருக்குச் சேரும் தரகான கழிவு, பள்ளிக்கோ கோயிலுக்கோ போகும் மீன், தூக்கிக் கொடுப்பவரின் கறிமீன் எல்லாம் விற்கிறவரின் பங்கிலிருந்துதான் போகும். "விலையைச் சொன்னா வாயை மூடு, பையைத் திற" என்று வியாபாரிகளை விரட்டுவார் நானா.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு நடந்த ஒரு காரியம் எனக்குள் இன்னும் தீரவில்லை. அந்தோணி அண்ணனும் அவருடைய மனைவி கிளாரா அக்காவும் வேறு இரண்டு குடும்பங்களும் சேர்ந்து ஒரு படகு வைத்திருந்தார்கள். அதன் எஞ்சின் திருத்தவே முடியாதபடி பழுதாகிவிட்டது. கச்சான் காற்று ஓயும் நேரம், தொழில் தொடங்கப்போகிறது. புது எஞ்சின் வாங்க வழியில்லை. வெளிநாட்டில் பாவித்த எஞ்சின்களை இணையத்தில் ஏலம் போடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, நானாவின் கண் விரிந்தது. "ஏலமா? அப்ப அது நம்மட வேலை." மூன்று வீட்டிலும் சீட்டுப் பணத்தைச் சேர்த்து வாங்கிக்கொண்டு ஒரு வாக்கும் கொடுத்தார். "இந்தக் காசுக்குள்ள எஞ்சின் வரும். இதுக்கு மேல ஒரு சதம் உங்களிட்டக் கேட்டா நான் சவாஹிர் இல்ல."

ஏலம் என் கடையில்தான் நடந்தது. கற்பிட்டியில் போட்டோக் கொப்பி, தொலைபேசி, இணையம் எல்லாம் உள்ள சின்னக் கடை என்னுடையது. கீழே பொடி எழுத்தில் இருந்ததை வாசித்துச் சொன்னேன். "நானா, வாங்குறவங்க ஏலக் கட்டணம் தனியாக் கட்ட வேணுமாம். கப்பல் கூலி, வரி எல்லாம் வேறயாம்." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது விக்கிறவன்ட பாடு தங்கச்சி. மீன் வாங்கினவனிட்டயா கழிவு கேப்பாங்க?" கரையில் கூறுவதுபோல உரத்த குரலில் தொகையைச் சொல்வார், நான் அழுத்துவேன். கொப்பி எடுக்க வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எஞ்சின் எங்களுக்கு விழுந்ததும் கடை முழுவதற்கும் தேத்தண்ணியும் பணிஸும் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் பட்டியல் வந்தது. ஏலத் தளத்தின் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு அந்த நாட்டு வரி, பொதி கட்டும் கூலி, கப்பல் கூலி, காப்புறுதி. நானா என்னை இரண்டு தடவை வாசிக்க வைத்தார். "தோத்தவனிட்ட வாங்கினாலும் நியாயம் இருக்கு. ஜெயிச்சவனிட்டயா தண்டம் கேக்கிறான்?" என்று கொதித்தார். விற்றவரிடம் கேட்கச் சொல்லித் தளத்துக்கு எழுதச் சொன்னார். எழுதினேன், விதியை வாசிக்கும்படி பதில் வந்தது. வாக்குக் கொடுத்துவிட்டாரே, மூன்று வீட்டுக்கும் மூச்சுவிடாமல் தன் கையிலிருந்ததைப் போட்டுக் கட்டினார்.

எஞ்சின் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் மற்றப் பூதம் புறப்பட்டது. சுங்கத் தீர்வை, துறைமுக வரி, பெறுமதி சேர் வரி, பொருளை எடுத்துத்தரும் முகவரின் கூலி. கப்பல் கூலியையும் எஞ்சின் விலையோடு சேர்த்துத்தான் வரி போடுகிறார்கள் என்று முகவர் விளக்கியபோது நானா தொலைபேசியை என் கையில் திணித்துவிட்டு வீதியில் இறங்கி நடந்தார். திரும்பி வந்து கேட்டார்: "கூலிக்கும் வரியா தங்கச்சி? அப்ப இந்த நடைக்கும் போடுவானா?" நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஏலத்தில் சொன்ன விலையளவுக்கு இன்னொரு பங்கு தேவைப்பட்டது, அவரிடம் இல்லை. எடுக்காமல் விடுகிற ஒவ்வொரு நாளுக்கும் துறைமுகத்தில் வாடகை ஏறியது. புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் கடன் கேட்டு பஸ்ஸில் அலைந்தார். வந்து என் கடை வாசலில் நின்று சொன்னார்: "மீன்தான் நாறும் எண்டு நினைச்சன். துறைமுகத்தில இரும்பும் நாறும்."

நாறுவதற்கு முன் விற்பதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். கண்ணால் பார்க்காத எஞ்சினை எங்கள் கரையிலேயே ஏலம் கூறினார். கூறுவதற்கு முன் ஒவ்வொரு கட்டணத்தையும், எடுக்கிறவர் துறைமுகத்தில் கட்டவேண்டிய வரியையும் பெயர் சொல்லி அறிவித்தார். வெறும் விலை சொல்லி ஆளைப் பிடிக்க மாட்டேன் என்றார். சிலாபத்து முதலாளி ஒருவர் கேட்கத் தொடங்கினார். அப்போது கிளாரா அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நீட்டினார்.

"இதை அடகு வைச்சு மிச்சத்தக் கட்டுங்க நானா. எஞ்சின் எங்களுக்கு வேணும்."

"சங்கிலியப் போடு பிள்ளை. நான் சொன்ன சொல்லு இருக்கு."

"உங்கட சொல்ல வைச்சுக் கடலுக்குப் போகலாமா? எங்கட சங்கிலி, எங்கட இஷ்டம். மறுக்க நீங்க ஆர்?"

நானா அவரைப் பார்க்கவில்லை. முதலாளி சொன்ன விலையை மூன்று தடவை கூறி முடித்துவிட்டார். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் மூன்று வீட்டுக்கும் அவரவர் கொடுத்த பணம் முழுதாகத் திரும்பிப் போனது. அந்தப் பருவம் முழுக்க அந்தோணி அண்ணன் இன்னொருவரின் படகில் கூலிக்குப் போனார். கிளாரா அக்கா கருவாட்டு வாடியில் வேலைக்குப் போனார். அடுத்த வருடம்தான் சிலாபத்தில் ஒரு பழைய எஞ்சின் கிடைத்தது. அந்தக் காலம் முழுதும் அக்கா நானாவோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

நானும் அவரோடு சண்டை பிடித்தேன். "அது நேர்மையில்ல நானா, வீம்பு" என்றேன். "வாயால கூறித் திங்கிறவனுக்கு வாய்தான் முதல். அது போனா என்னட்ட என்ன இருக்கு?" என்று கேட்டார். உங்கள் வாய்க்காக அவர்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்க நினைத்தேன். அதற்குள் படி இறங்கிவிட்டார். தான் போட்ட பணம் திரும்பி வந்ததா என்பதையும் அவர் கடைசிவரை சொல்லவில்லை.

பிறகு கரையில் அவர் கூறும் முறை மாறிவிட்டது. மீனுக்கு விலை தொடங்குமுன் கழிவு எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, லொறிக் கூலி எவ்வளவு என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். கைக்கு வந்து சேரும்போது எவ்வளவு என்று தெரியாமல் எந்த விலைக்கும் ஒப்புக்கொள்ளாதே என்று மீனவர்களிடமும் என் கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது. அந்த எஞ்சின் கைக்கு வர மொத்தம் எவ்வளவு என்று கிளாரா அக்காவிடம் சொல்லி, அவருடைய பதிலையும் ஏன் கேட்கவில்லை?

நானாவை அடக்கம் செய்த ஜனாஸாவன்று நானும் அக்காவும் பள்ளிக்கு எதிர்ப்பக்கம் ஒரு வேலியோரம் நின்றோம். தொழுகைக்கு முன் நானாவின் மகன் ஒலிபெருக்கியில் கேட்டார்: "வாப்பா ஆருக்கும் ஏதும் குடுக்க இருந்தாச் சொல்லுங்க. நாங்க பொறுப்பு." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "கடன் ஒண்டும் இல்ல. முழுசாத் தந்திட்டார். என்ட கோவம்தான் இருக்கு, அதை இனி ஆரிட்டக் குடுக்கிறது?" என்றார். சொல்லி முடிக்க முன்பே உடைந்து அழுதார். நானும் அழுதேன்.

எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது அந்த அறிவிப்பு. இப்போதும் என் கடையில் யார் ஏலத்துக்கு வந்தாலும், கட்டணத்தையும் வரியையும் கூலியையும் கூட்டி, கைக்கு வந்து சேரும் விலையை முதலில் உரத்துச் சொல்கிறேன். பிறகு, நானா அன்று கேட்காததை நான் கேட்கிறேன்: "இந்த விலைக்கும் வேணுமா?" அவர்கள் யோசித்து முடிக்கும்வரை எதையும் அழுத்துவதில்லை.