வெள்ளிக்கிழமைத் தேங்காயும் என் முதல் கட்சிக்காரியும்

சுவிட்சர்லாந்தில், வில் என்ற நகரத்தின் பழைய தெருவில், சப்பாத்துத் திருத்தும் கடைக்கு மேல்மாடியில் நான் வழக்கறிஞர் அலுவலகம் திறந்து பதினொரு வாரமாகியும் ஒரு கட்சிக்காரர்கூட வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் சப்பாத்தோடுதான் வந்தார்கள். தவறுதலாக ஒரு மாடி அதிகம் ஏறி, கதவைத் திறந்து, என்னையும் என் வெறும் மேசையையும் பார்த்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். ஒருவர் மட்டும் சப்பாத்தை என் சட்டப் புத்தகத்தின்மேல் வைத்து, குதி கழன்றுவிட்டது என்று முறையிட்டார். அந்த மாதம் நான் கேட்ட ஒரே முறைப்பாடு அதுதான்.

அப்பாவுக்கு இது மானப் பிரச்சினை. ஊரில் அவருடைய வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அப்புக்காத்து இருந்தாராம். வழக்கறிஞரை எங்கள் ஆட்கள் இன்னமும் அப்படித்தான் சொல்லுவார்கள். அவர் காலையில் பல் விளக்குமுன்னமே வாசல் படலையடியில் இருபது பேர் நிற்பார்களாம், ஒருவர் கையில் வாழைக்குலை, இன்னொருவர் கையில் கால் கட்டிய சேவல்.

"உன்ர ஒஃபிசில என்ன நிக்குது?" என்று அப்பா கேட்டார்.

"கோப்பி மெசின்."

முப்பது வருடம் உலோகத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். சும்மா இருக்கத் தெரியாது. அடுத்த நாளே கோட்டுப் போட்டு, மடியில் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, என் காத்திருப்பு அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். சனம் இல்லாத கடையில் ஆர் சாப்பிடுவினம், நான் ஒரு கட்சிக்காரன் மாதிரி இருக்கிறன் என்றார். கோப்புக்குள் இருந்தது அவருடைய இரத்த அழுத்த அட்டை. தினமும் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை என் ஒரே கட்சிக்காரராக இருந்து, மூன்று கோப்பி குடித்துவிட்டுப் போவார்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. விடிய எழும்பி முதியோர் இல்லத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போய்வருகிற அம்மா, ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிடப் போகும்போது இரண்டு கரண்டி கறி கூடுதலாகப் போட்டார், அவ்வளவுதான். அது எனக்கு அப்பாவின் கோட்டு வேடத்தைவிட மோசமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா பல் வைத்தியரிடம் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு சுவிஸ் அம்மையார் வந்தார். எழுபது வயதிருக்கும், கட்டையாக வெட்டிய நரைமுடி, முதுகில் மலையேறும் பை. காலைப் பார்த்தேன். சப்பாத்து நன்றாகத்தான் இருந்தது. அவர் உட்கார அவசரமாகக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

தபால் அலுவலகத்தில் ஆயுள் முழுக்க வேலை செய்தவராம். பையிலிருந்து கட்டம்போட்ட கொப்பி ஒன்றை எடுத்து என் முன் வைத்தார். மேல்வீட்டுக்காரர்களைப் பற்றிய முறைப்பாடு. நான் மிகவும் தொழில்சார்ந்த முகத்தோடு முதல் பக்கத்தை வாசித்தேன்.

"வெள்ளி, 18.10. மேல் பல்கனியில் அடி. ஒன்று. உடனே திரவம். ஜெரேனியம் பூச்சட்டி நனைந்தது."

"வெள்ளி, 18.12. அடி. இரண்டு. திரவம். வெள்ளைத் துண்டு ஒன்று விழுந்தது. எலும்பாக இருக்கலாம்."

"முகவரி?" என்று கேட்டேன். அவர் சொன்னார். நான் பாதி எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். நான் பிறந்து வளர்ந்த கட்டிடம் அது. மேல்வீட்டுக்காரர்கள் என் அப்பாவும் அம்மாவும். அடியும் திரவமும் தேங்காய்.

அம்மா பல்கனியில் தேங்காய் உடைக்கிறார் என்பது எனக்கே புதிய செய்தி. முன்பெல்லாம் கோயிலில் மட்டும்தான் உடைப்பார். வெள்ளிக்கிழமைகளில் நான் அங்கே போவதில்லை. இந்த அம்மையார் கடந்த இலையுதிர் காலத்தில்தான் கீழ்வீட்டுக்கு வந்தவர், ஞாயிறுதோறும் மலைக்குப் போய்விடுவாராம், ஆகவே நாங்கள் படிக்கட்டில் சந்தித்ததே இல்லை.

கொப்பியைப் படாரென்று மூடினேன். இன்னொரு வரி வாசித்தாலும் குற்றம் என்று பட்டது. என் மிகச் சுத்தமான ஜெர்மன் மொழியில், "அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும்" என்றேன்.

"அப்படித்தான் நானும் நம்புகிறேன்" என்றார் அவர்.

அதை நான் சுவிஸ்காரரின் உலர்ந்த நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு, இரு தரப்பிலும் தொடர்புள்ள வழக்கறிஞர் ஏன் ஒரு வழக்கை ஏற்கக் கூடாது என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். தபால் வரிசையில் நின்று சொந்தக் கதை சொல்லும் வாடிக்கையாளரின் பேச்சைக் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழும்பி, "மாதக் கடைசிவரை பார்ப்பேன். அதற்குப் பிறகு வீட்டு நிர்வாகத்துக்கு எழுதுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கொப்பியை மேசையிலேயே விட்டுவிட்டார்.

நிர்வாகத்துக்கு எழுதுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தப் பழைய கட்டிடத்தைப் புதுப்பித்து இரட்டை வாடகைக்கு விட நிர்வாகம் காத்துக்கொண்டிருக்கிறது. அயலவருக்குத் தொல்லை என்று ஒரு முறைப்பாடு, ஒரு எச்சரிக்கை, அதன்பின் வெளியேறும் அறிவித்தல். இருபத்தேழு வருடம் இருந்த வீடு. இந்த வயதில் அம்மாவும் அப்பாவும் எங்கே போவார்கள்?

அம்மாவிடம் சொன்னால் ஒரு நிமிட வேலை. ஆனால் சொல்ல முடியாது. வழக்கை ஏற்காவிட்டாலும் என் மேசைக்கு முன்னால் சொல்லப்பட்டது இரகசியம்தான். அதை உடைத்தால் உரிமம் போகும். நான் உரிமம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கொப்பியை உறையில் போட்டு, ஒட்டி, பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினேன். சட்டம் முழுத் திருப்தி அடைந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டே தொடங்கினேன்.

"அம்மா, வெள்ளிக்கிழமையில தேங்காய் உடைக்கிறனீங்களோ?"

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஓம். ஏன்?"

"சும்மா கேட்டனான். கடையில திருவின தேங்காய்ப்பூ பக்கெற்றில விக்குது. உங்களுக்கு லேசு."

"பிள்ளையாருக்கு முன்னால பக்கெற்றையோ வெட்டுறது?"

"மெல்லமா உடைச்சாலும் பிள்ளையாருக்குக் கேக்கும்தானே."

"தேங்காயை எப்பிடிப் பிள்ளை மெல்லமா உடைக்கிறது?" என்று அம்மா கேட்டார். "வேற ஒண்டும் சொல்ல இல்லையோ?"

"இல்லை" என்றேன். அம்மாவின் முகம் சுருங்கியது. நான் இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. உடற்பயிற்சிக்கூடங்களில் விரிக்கும் தடித்த ரப்பர் பாய் ஒன்றை வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். பல்கனி வழுக்கும், விழுந்து காலை முறிச்சுப்போடுவீங்கள் என்றேன். அப்பா அதைக் காலால் அமத்திப் பார்த்து, நல்ல சாமான் என்று தொழிற்சாலைக்காரத் தோரணையில் சான்றிதழ் கொடுத்தார். நான் பெருமையோடு வீட்டுக்குப் போனேன். சத்தமும் போகும், பிள்ளையாரும் இருப்பார், இரகசியமும் காக்கப்படும். படித்த மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, பாய் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நேரில் போனேன். அம்மா முழுகி, விளக்கு ஏற்றி, பல்கனிக்கு வந்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, தேங்காயை ஓங்கிப் பாயில் அடித்தார்.

தேங்காய் உடையவில்லை. பந்துபோலத் துள்ளி எழும்பி, பல்கனிக் கம்பிக்கு மேலால் போய், கீழ்வீட்டுப் பல்கனியில் விழுந்தது. மண்சட்டி உடைகிற சத்தம் கேட்டது.

"ஐயோ பிள்ளையாரே" என்றார் அம்மா.

"எட்டிப் பாக்காதேங்கோ" என்றேன். "ஒண்டையும் ஒத்துக்கொள்ளாதேங்கோ."

"உனக்கென்ன விசரோ? உந்தக் கட்டிடத்தில வேற ஆர் தேங்காய் எறியிறது?"

அம்மா படியிறங்கத் தொடங்கிவிட்டார். நானும் பின்னால் ஓடினேன். மணியை அடிக்குமுன்னமே கதவு திறந்தது. அந்த அம்மையார் கையில் தேங்காய் முழுசாக இருந்தது, அதன் குடுமியில் ஜெரேனியப் பூ ஒன்று ஒட்டியிருந்தது. அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒருவழியாக வந்துவிட்டீர்கள். மூன்று வாரம் காத்திருந்தேன். உங்கள் அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றுதான் உங்களிடம் வந்தேன். நீங்கள் எனக்குப் பதிவுத் தபால் அனுப்புகிறீர்கள்."

"நான் இவருடைய மகள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தன் பணப்பையைத் திறந்து என் அலுவலக அட்டையை எடுத்துக் காட்டினார்.

"நான்தான் குடுத்தனான்" என்றார் அம்மா. "இவ ரெண்டுதரம் கடிதம் எழுதித் தபால்பெட்டிக்குள்ள போட்டவ. கையெழுத்து எனக்கு விளங்கேல்லை. உன்ர கொப்பர் கண்டால் பயந்துபோவார் எண்டு காட்டேல்லை. உன்ர அட்டையைக் குடுத்து, என்ர மகள், அவளிட்டப் போங்கோ எண்டு சொன்னனான். சின்னனில இருந்து எங்கட கடிதமெல்லாம் நீதானே வாசிச்சுச் சொல்லுறனி. இந்தமுறை மட்டும் வந்து வந்து தேங்காய்ப்பூப் பக்கெற்றைப் பற்றிக் கதைச்சுப்போட்டுப் போறாய். என்னோட ஏதோ கோவம் எண்டு நினைச்சன்."

உண்மைதான். எட்டு வயதிலிருந்து அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். விசா அலுவலகம், வைத்தியர், பாடசாலை எல்லாம் என் வாய் வழியாகத்தான் உள்ளே வந்தன. கொஞ்சம் திருத்தித்தான் வந்தன. வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று ஆசிரியை சொன்னதை, வகுப்பில் நல்லாக் கதைக்கிறாளாம் என்று மொழிபெயர்த்தவள் நான். அப்போது செய்ததை, சட்டம் படித்துவிட்டு மறந்துபோயிருந்தேன்.

அந்த அம்மையார் கொப்பியை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தார். நான் வாசிக்காமல் ஒட்டி அனுப்பிய பக்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"கேள்வி. இது எதற்காக? வீட்டில் யாருக்காவது சுகமில்லையா?"

நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீ ஒஃபிஸ் திறந்த கிழமையில இருந்து உடைக்கிறன். பிறகும் ஒருத்தரும் வரேல்லை எண்டு கொப்பர் சொன்னவர். நானும் வேலையால வரேக்க ஒருநாள் கீழ நிண்டு பாத்தனான், நீ தனிய யன்னலடியில இருந்தனி. எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. உன்னட்டச் சனம் வரவேணும் எண்டு நேர்த்தி. ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு தேங்காய்."

அந்த அம்மையாரிடம் திரும்பி, "இது எங்கள் சமய வழக்கம்" என்றேன்.

"அவர் அதைவிட நீளமாகச் சொன்னார்" என்றார் அவர்.

தபால்காரியை ஏமாற்ற முடியாது. சொன்னேன், ஒரு சொல் விடாமல், திருத்தாமல். யன்னலடியையும் சொன்னேன், இறங்காத சாப்பாட்டையும் சொன்னேன். சொல்லும்போது பாதியில் அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை.

அவர் தேங்காயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "வருகிறார்களா?"

"நீங்கள் மட்டும்தான் வந்தீர்கள்."

"என்ன கேக்கிறா?" என்றார் அம்மா.

"சனம் வருதோ எண்டு கேக்கிறா."

அம்மா அந்த அம்மையாரை மேலும் கீழும் பார்த்தார். "இவ வந்தவதானே. பிள்ளையார் கீழ்வீட்டில இருந்துதான் தொடங்கியிருக்கிறார். அவவிட்டத் தேங்காயைத் தரச்சொல்லு, இன்னும் உடைக்கேல்லை."

சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், முற்றத்துச் சீமெந்து விளிம்பில் உடைத்தோம். ஒரே அடியில் இரண்டாகப் பிளந்தது. அந்த அம்மையார் மணிக்கூட்டைப் பார்த்துக் கொப்பியில் குறித்துக்கொண்டார். பழக்கம் போகுமா. அம்மா ஒரு பாதியை அவரிடம் கொடுத்தார். அதை என்ன செய்வது என்று அவர் என்னிடம் கேட்டார், அதையும் மொழிபெயர்த்தேன். நிர்வாகத்துக்கு அவர் எழுதவில்லை. புதுச் சட்டியும் ஜெரேனியமும் நான் வாங்கிக் கொடுத்தேன், ரப்பர் பாய் என்னுடையதாகையால்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு அலுவலகக் கதவு திறந்தது. அதே அம்மையார், கூடவே அவருடைய மலையேறும் தோழி. தோழிக்குத் தன் சகோதரனோடு காணித் தகராறு, என்னிடம் தடித்த கோப்பு ஒன்றை நீட்டினார். காத்திருப்பு அறையில் இருந்தவை இரண்டே இரண்டு கதிரைகள். ஒன்றில் கோட்டுப் போட்ட அப்பா.

அப்பா அவர்களைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் இரத்த அழுத்த அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பி, கதிரையைக் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார்.