பாத்தாங் பினாங்கில் ஒரு பச்சை

1. "ஹிஜாவ்லா பாய்!"

மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். கடைக்குப் பேர் வாங்கித் தந்தது மாட்டிறைச்சிக் கறுப்புக் குழம்பு. அதற்கு நான் எடுப்பது பாத்தாங் பினாங். பின்தொடையில் உருண்டு நீண்டிருக்கும் துண்டு. பாக்கு மரம் மாதிரி இருப்பதால் மலாய்க்காரர்கள் வைத்த பெயர். முழுசாக வேகவைத்து, ஃபிரிட்ஜில் குளிரவிட்டு, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்கித் தட்டில் அடுக்குவோம். பிறகுதான் குழம்பில் போடுவோம்.

ஒரு நாள் காலை, என் பழைய வாடிக்கையாளரான மலாய்க்கார மெஷின் ஆபரேட்டர் காக் ரோஸ், எல்லாருக்கும் ரோஸ் அக்கா, அந்தத் தட்டை எட்டிப் பார்த்து, "ஹிஜாவ்லா பாய்!" என்று கத்தினார். பச்சையாக இருக்கிறதாம். உண்மைதான், இறைச்சி மேல் பச்சை மினுமினுத்தது. மதியத்துக்குள் அந்தப் படம் எல்லார் போனிலும் சுற்றியது. மருந்து தெளித்த டாகிங், அதாவது மாட்டிறைச்சி, என்று யாரோ பேசிய குரல் பதிவும் கூடவே வந்தது. குழம்பு விற்காமல் சட்டியோடு அப்படியே நின்றது.

கேண்டீன் மேனேஜர் சுப்ரா வந்தார். "பாய், எல்லாரும் பயப்படறாங்க. நாளைக்குள்ள சரியா ஒரு விளக்கம் சொல்லுங்க. இல்லாட்டி டாகிங் வேணாம், கோழி மட்டும் போடுங்க."

"சத்தியமா நல்ல சரக்கு சார்."

"நல்ல சரக்குன்னா ஏன் பச்சையா இருக்கு?"

அந்தப் பச்சையை நானும் பல தடவை பார்த்திருக்கிறேன். ஏன் என்று யோசித்ததே இல்லை. குழம்பு போனால் கடையே போன மாதிரிதான். பயமாகவும் இருந்தது, அது என்ன பச்சை என்று குறுகுறுப்பாகவும் இருந்தது.

2. தட்டைச் சாய்த்தோம்

கலா லூனாஸ்காரப் பெண். தொழிற்சாலையில் வேஃபர், அதாவது சிப் செய்கிற பளபளப்பான வட்டத் தகடு, சோதிக்கும் வேலை. மாட்டிறைச்சி தொடாத குடும்பம். என் கடைக்குத் தேத்தண்ணிக்கு மட்டும் வருவார். அன்று கொஞ்சம் தள்ளி நின்றே தட்டைப் பார்த்தார்.

"பாய், அதைக் கொஞ்சம் சாய்ங்க."

சாய்த்தேன். பச்சை நகர்ந்தது. ஊதாவாகி, காணாமல் போனது.

"எங்க வேஃபர்லயும் இப்படித்தான் கலர் ஓடும். கண்ணுக்குத் தெரியாத கோடு நெறைய இருக்கும். வெளிச்சம் பட்டா கலர் கலரா பிரிஞ்சிடும். டாகிங்ல கோடு இருக்கா?"

"கோடு ஏது தங்கச்சி, நார்தான் இருக்கு."

"அப்ப நார் ஓடுற பக்கமா வெட்டுங்களேன், பாப்போம்."

வெட்டினேன். பச்சை இல்லை. மறுபடி குறுக்கே வெட்டினேன், வந்துவிட்டது. குறுக்கே வெட்டும்போது நெருக்கமாக நிற்கும் நார் நுனிகள்தான் அவர் சொன்ன கோடு. இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். கோழியில் ஏன் பார்த்ததில்லை, சூடாக இருந்தால் வருமா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். பாதிக்கு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தேத்தண்ணி ஆறிப்போனது.

மறுநாள் சுப்ராவுக்கும் காக் ரோஸுக்கும் முன்னால் அதையே செய்து காட்டினோம். சுப்ரா சிரித்தபடி, "கலா, நீ சாப்பிடுவியா?" என்றார்.

"சாப்பிட மாட்டேன் சார். அதுக்காக நல்லதைக் கெட்டதுன்னு சொல்லணுமா?"

குழம்பு தப்பித்தது. அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைகிறது.

3. நகராத பச்சை

அதற்குப் பிறகு காக் ரோஸ் தட்டைச் சாய்த்துப் பார்க்காமல் சாப்பாடு வாங்குவதில்லை. எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. ஒரு திங்கள்கிழமை அவர் சாய்த்தார், திருப்பினார், மறுபடி சாய்த்தார். "தாக் கெராக், பாய்." நகரவில்லை.

முகர்ந்தேன், லேசாகப் புளித்த வாடை. விரலில் பிசுபிசுப்பு. விடுமுறையில் ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் கிடந்திருக்கிறது. வரிசையில் நின்றவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் அவர்கள் கண் முன்னாலேயே குப்பையில் கொட்டினேன். கடை அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெறும் நிறத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிறம் நகர்கிறது என்று மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். முகர்ந்து பாருங்கள், தொட்டுப் பாருங்கள். சத்தியம் மட்டும் செய்யாதீர்கள்.

மறுநாள் புது இறைச்சி வைத்தேன். வரிசையில் முதல் ஆள் காக் ரோஸ்.

"கெராக் தாக், பாய்?"

தட்டை அவர் பக்கம் தள்ளினேன். சாய்த்துப் பார்த்தார், முகர்ந்தார். இரண்டு பொட்டலம் கேட்டார்.