காப்புக் கட்டிய ஏழு பேர்

சிடாம் கிரி என்ற சிற்றூருக்கு அப்பால், காட்டோரத்தில் இருக்கும் எங்கள் குடியிருப்பை உண்டாக்கியவை ஏழு குடும்பங்கள். ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர் ஓடிப்போனார். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை நின்றது, அரிசியும் நின்றது. பசி தாங்காமல் இங்கே வந்து காட்டை வெட்டி, மரவள்ளி நட்டார்கள். வந்த முதல் வாரமே ஒரு மரத்தடியில் மாரியம்மனுக்குச் சூலம் ஊன்றி, ஊருக்கு நான்கு எல்லை குறித்தார்கள். கிழக்கே ஓடைதான் எல்லை. அதைத் தாண்டினால் அடர்ந்த காடு.

அந்த ஏழில் ஒரு குடும்பம் மருதம்மாளும் அவர் கணவர் முருகையாவும். மருதம்மாளுக்கு அப்போது இருபத்தாறு வயது. பிறந்த ஒரே பிள்ளையைத் தோட்டத்திலேயே காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்.

1943இல் ஒருநாள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணி பரஞ்சோதி சைக்கிளில் வந்தார். இப்போது ஜப்பான்காரனிடம் வேலை.

“வீட்டுக்கு ஒரு ஆம்பள. சயாமுல ரயில் பாதை போடுறாங்க. மூணு மாசத்துல திரும்பிடலாம்.”

“அவ்வளவு நல்ல எடமா இருந்தா நீங்க எப்ப கெளம்புறீங்க கிராணியாரே?” என்றார் ஏழு வீட்டு ஆண்களில் ஒருவரான முனியாண்டி.

இரண்டு பேர் சிரித்தார்கள். கிராணி சிரிக்கவில்லை. “மூணு நாளு. அதுக்குள்ள ரெடியா இருங்க. இல்லாட்டி என் தலை போயிடும்லா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

லூனாஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போன எவரும் திரும்பவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். காட்டுக்குள் ஓடலாம், ஆனால் அங்கே தங்க இடமில்லை, தின்ன ஒன்றுமில்லை. அதையெல்லாம் ஏற்பாடு செய்ய நாள் வேண்டும். அப்போதுதான் மருதம்மாள் சொன்னார்:

“ஆம்பளைங்க எல்லாரும் காப்புக் கட்டிக்கிங்க.”

பூசாரி பிச்சைக்குக் கோபம். “கூழ் ஊத்தவே மாவு இல்ல, திருவிழா கேக்குதா ஒனக்கு?”

“மாவு வேணாண்ணே. மஞ்சக் கயிறு போதும். காப்புக் கட்டுனவன் பத்து நாளைக்கு எல்லை தாண்டக் கூடாதுன்னு கிராணிக்குத் தெரியாதா? அவரும் நம்ம ஆத்தா புள்ளதானே. தொடுவாரா?”

மறுநாளே மற்ற ஆறு ஆண்களின் வலது மணிக்கட்டிலும் பிச்சை மஞ்சள் கயிறு கட்டினார். தனக்கும் கட்டிக்கொண்டார்.

கிராணி வந்தபோது மருதம்மாள் நினைத்தபடியே நடந்தது. ஏழு கைகளையும் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனார். “ஜப்பான் தொரைகிட்ட நான் என்னத்த சொல்றது?”

“ஊர்ல அம்ம போட்டிருக்குன்னு சொல்லுங்க. கிட்டயே வரமாட்டான்,” என்றார் மருதம்மாள்.

“பத்து நாளு. கயிறு அவுந்ததும் ஏறிடணும்,” என்று கிராணி திரும்பினார்.

பெண்களுக்குக் காப்பு இல்லை. அதனால் அவர்கள் தினமும் ஓடையைத் தாண்டினார்கள். காட்டுக்குள் ஒரு குடிசை போட்டார்கள். வெட்டிக் காயவைத்த கிழங்கைச் சுமந்துபோய் வைத்தார்கள். பத்தாம் நாள் காப்பு அவிழ்த்தவுடன் ஆண்கள் அங்கே போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு.

எட்டாம் நாள் காலையிலேயே லாரி வந்துவிட்டது. கிராணி இல்லை. சிப்பாய்கள் மட்டும்.

ஏழு ஆண்களும் ஓடைக்கு ஓடினார்கள். கணுக்காலளவு தண்ணீர். நான்கு எட்டு வைத்தால் அக்கரை. கரைக்கு வந்ததும் ஏழு பேரும் நின்றுவிட்டார்கள்.

“போங்கண்ணே! ஏன் நிக்கிறீங்க?” தண்ணீர் எடுக்க வந்திருந்த மருதம்மாள் கத்தினார்.

பிச்சை மணலில் மண்டியிட்டு, “ஆத்தா, உத்தரவு குடு, உத்தரவு குடு,” என்று அழுதார். பின்னாலேயே ஓடிவந்த முனியாண்டியின் மனைவி ரமணி கணவரின் கயிற்றைப் பிடித்தார். அவர் கையை உதறினார். “வேணாம் புள்ள. காப்ப அறுத்தா நம்ம புள்ளைங்களுக்கு ஆவாது.”

பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது.

மருதம்மாள் முருகையாவின் கையை இழுத்து, கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். “அடிப்பாவி!” என்றார் முருகையா. மருதம்மாள் அவரை நெஞ்சில் கைவைத்துத் தண்ணீருக்குள் தள்ளினார். விழுந்து எழுந்தவர் அக்கரைக்குப் போய், திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் மறைந்தார்.

மற்ற ஆறு பேரையும் கரையிலேயே பிடித்து லாரியில் ஏற்றினார்கள்.

இதைப் பலரிடம் கேட்டுவிட்டேன். இழக்கப் பிள்ளை இல்லாததால்தான் மருதம்மாளுக்கு அந்தத் துணிச்சல் வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படித்தானா? பிள்ளை இருந்திருந்தால் அவரும் முனியாண்டியைப் போலவே நின்றிருப்பாரா? படித்தவன் என்ற நினைப்பில் அந்த ஆறு பேரையும் மூடர்கள் என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அந்தக் கரையில் என் கையில் கயிறு இருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உண்மையாகவே தெரியவில்லை.

அன்று முழுக்க மருதம்மாளிடம் ஒருவரும் பேசவில்லை. யோசனை சொன்னவரும் அவர். தன் கணவரை மட்டும் காப்பாற்றிக்கொண்டவரும் அவர்.

மறுநாள் காலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ரமணியின் கொல்லைக்குப் போனார். ரமணி வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மருதம்மாள் வரிசையின் மறுமுனையிலிருந்து கிழங்கு தோண்டத் தொடங்கினார். வெயில் ஏறியபோது ரமணியின் சின்ன மகள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து மருதம்மாள் பக்கத்தில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். ரமணி செம்பை ஒருமுறை பார்த்துவிட்டுத் தோண்டிக்கொண்டே இருந்தார்.