கருப்பட்டி டீச்சர்

செண்பகவல்லியை முதன்முதலில் டீச்சர் என்று கூப்பிட்டவர்கள் தென்காசிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். எட்டாங்கிளாஸோடு நின்றவள் அவள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் பதினாறு வருஷம் சமையல் பார்த்தவள். சாயங்காலம் பள்ளி விட்டதும் பிள்ளைகளுக்கு உடம்புக்கு நல்லதாகச் சமைக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டபோது, மறுபேச்சு இல்லாமல் தலையை ஆட்டிவிட்டாள். டீச்சர்! அன்றைக்கு வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே ஒருதரம் சொல்லிப்பார்த்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் இரண்டு நாள் வகுப்பு. காய் வெட்ட, கீரை ஆய, தோலுளுந்தைப் பதமாக வறுக்க, எல்லாம் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள், அதில் குறை சொல்லக்கூடாது. ஆனால் வாய் இருக்கிறதே, வாய்! சீனி டப்பாவைக் கண்டாலே ஆகாது அவளுக்கு. "ஏட்டி, சீனி வெசம். கருப்பட்டி மருந்து. சுகர்காரவுககூட எம்புட்டும் திங்கலாம், ஒண்ணுஞ் செய்யாது" என்று அடித்துப் பேசுவாள். யார் சொன்னார்கள் இவளுக்கு? இந்தப் பக்கம் எல்லாரும் சொல்லுவார்கள், இவளும் சொன்னாள். பிள்ளைகள் கருப்பட்டி டீச்சர் என்றே பேர் வைத்துவிட்டார்கள். அதிலும் அவளுக்குப் பெருமைதான்.

ஏழாம் வகுப்பு முத்துசெல்விக்கு டீச்சர் சொன்னால் வேதவாக்கு. அவள் அப்பா ஆறுமுகநயினார் ஆட்டோ ஓட்டுகிறவர், சுகர்காரர், வருஷக்கணக்காக இனிப்பைத் தொடாத மனுஷன். அம்மாவுக்குப் பீடி சுற்றவே பொழுது சரியாக இருக்கும். அதனால் மகள் தினமும் பள்ளி விட்டுப் போய் கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டினாள். "அப்பா ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிடுதாவ டீச்சர்" என்று வந்து சொன்னாள். "பாத்தியளா, இவல்லா பிள்ளை!" என்று வகுப்புக்கே அவளைக் காட்டினாள் செண்பகவல்லி. பாவி, அப்படித்தான் காட்டினாள்.

சாரல் பிடித்த நேரம் ஆறுமுகநயினார் காலில் ஒரு புண் வந்தது. ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் ஆள் போய்விட்டார்.

துக்கம் கேட்கப் போன செண்பகவல்லியிடம் அவர் தம்பி தனியே வந்து சொன்னார். "டாக்டர் ஏசிட்டாரு தாயி. சீனியும் கருப்பட்டியும் சுகருக்கு ஒண்ணுதானாம். தெனமும் தின்னா எப்படிப் புண் ஆறும்னு கேக்காரு. பிள்ளைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்."

செண்பகவல்லி வீடு வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள். வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். எத்தனை வீட்டில் சுகர்காரர் இருக்கிறாரோ, எத்தனை அடுப்பில் களி வேகிறதோ! சொல்லாமல் விட்டால் இன்னொரு உயிர் போகும். சொன்னால் முத்துசெல்வி என்ன ஆவாள்? யோசித்து யோசித்து, பதினாறாம் நாள் விசேஷத்தன்றைக்கு வகுப்பு வைத்தாள். அன்றைக்கு அந்தப் பிள்ளை வராது அல்லவா.

"பிள்ளைகளா, நான் சொன்னது தப்பு. சுகர்காரவுக கருப்பட்டி திங்கக்கூடாது. சீனி மாதிரியேதான் அதுவும் ஏத்தும். வீட்ல போயிச் சொல்லுங்க" என்று முடிப்பதற்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசலைப் பார்த்தார்கள்.

முத்துசெல்வி தூக்குச்சட்டியோடு நின்றிருந்தாள். அப்பாவுக்குப் பிடித்தது என்று படையலுக்குக் கிண்டிய உளுந்தங்களி. டீச்சருக்கும் கொஞ்சம் கொண்டுவந்திருந்தாள்.

"நீ ஒண்ணும் செய்யலட்டி, எல்லாம் நாந்தான்" என்று ஓடிப்போய் அவளைப் பிடித்தாள் செண்பகவல்லி.

"அப்பா மொதல்ல வேண்டாம்னுதான் சொன்னாவ" என்றாள் அவள். "டீச்சரே சொல்லுதாவன்னு நாந்தான் ஊட்டிவிட்டேன்." சட்டி மூடியை இறுக்கி அடைத்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள். "தெரியாம ஏன் டீச்சர் சொன்னீய?"

எல்லாரும் சொல்லுததுதானட்டி என்று வாய்வரை வந்தது. அதைச் சொல்லாமல், பிள்ளை கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டாள் செண்பகவல்லி.