கைமுட்டுக்குக் கீழே இரண்டு இஞ்சு

சபையை விட்டு ஸ்மைலின் இறங்கிப் போனது ஓணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அஞ்சுகிராமத்து ஜெபக்கூடத்தின் வாசலில் இஞ்சு டேப்போடு நின்றிருந்தவள் தையல்காரி ராகேல்.

"ஏட்டி, கைய நீட்டு."

"எதுக்காக்கும் அக்கா?"

"ஜாக்கெட் கை முட்டுக்குக் கீழ ரெண்டு இஞ்சு எறங்கணும்லா. உனக்கு முட்டோட நின்னு போச்சே. உள்ள விட முடியாது மக்களே."

நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குக் காத்திருந்தவள் ஸ்மைலின். "அந்த ரெண்டு இஞ்சுலயா அக்கா கர்த்தர் இருக்காரு?" என்று கேட்டாள். பிறகு வேதப்புத்தகத்தைப் பைக்குள் வைத்து, ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைய பிரசங்கத்தில் ஒரு சொல்கூட ராகேலின் காதில் ஏறவில்லை. கர்த்தர் அந்த இரண்டு இஞ்சில் இல்லை என்பது மற்ற எவரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அது அவளுடைய கத்தரியிலிருந்து வந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன், ஆண்டுவிழாவுக்காகப் பாட்டுக்குழுப் பெண்கள் இருபத்துநான்கு பேருக்கு வெள்ளை ஜாக்கெட் தைக்கும் வேலை அவளுக்கு வந்தது. வடசேரியில் எடுத்த துணியை அடுக்கிவைத்து ஒரே வெட்டாக வெட்டினாள். கைக்கு வைத்த அளவு மாறிப்போயிற்று. அது ஓர் ஆறடி டீச்சருடையது. இருபத்துநான்கு ஜோடிக் கையும் முட்டைத் தாண்டி இறங்கிவிட்டன. கவனித்தபோது சனிக்கிழமை சாயங்காலம். "நாளைக்கு மட்டும் போடுங்க, திங்கக்கிழமை மடிச்சு அடிச்சுத் தாரேன்" என்று கெஞ்சி அனுப்பினாள்.

மறுநாள் வரிசையாக நின்ற வெள்ளைக் கைகளைக் கண்டு பாஸ்டர் ஜான்ரோஸ் உருகிப்போனார். "இதல்லவா அடக்கம்!" என்றார். அடுத்த மாதம் அது சபை ஒழுங்கானது. அதற்கடுத்த மாதம் அளக்கும் பொறுப்பு ராகேலிடமே வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. தப்பாக வெட்டினேன் என்று எந்தத் தையல்காரி சொல்லுவாள்?

அந்த வாரம் அவள் வேதப்புத்தகத்தைத் தையல்காரியின் கண்ணோடு படித்தாள். பேழைக்கு அளவு இருந்தது. ஆசரிப்புக் கூடாரத்துத் திரைக்கு இருபத்தெட்டு முழம், ஐம்பது காது என்று வாடிக்கையாளரைப் போல விவரமாக இருந்தது. ஜாக்கெட் கைக்கு ஒரு விரல்கடைகூட இல்லை. இவ்வளவு சொன்னவர் இதை மட்டுமா மறந்திருப்பார்?

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தாள். முதுகுவலி சுகமான சாட்சியாக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

"நம்ம ஜாக்கெட்டுக்க கை இருக்குல்லா, அது வெளிப்பாடு ஒண்ணுமில்ல. நான் தப்பா வெட்டுனதாக்கும்."

யாரோ பழக்கதோஷத்தில் "அல்லேலூயா" என்றார்கள்.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சகோதரி, தப்பா வந்தாலும் நல்லதாத்தான வந்திருக்கு."

"நல்லதுதான் பாஸ்டரே. எனக்குப் பிடிக்கும், நான் இன்னும் இதத்தான் போடுவேன். ஆனா இத வச்சு ஒரு பிள்ளைய வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன். அதுக்கு வசனம் இருந்தா காட்டுங்க."

பாஸ்டர் பக்கங்களைப் புரட்டினார். கடைசி வரிசையிலிருந்து ரசலையன் எழுந்தார். "வேனக்காலம் வந்தா எம் பெண்டாட்டி வேர்த்து ஒழுகிக்கிட்டு என்னையல்லா ஏசுவா! பதினோரு வருஷம் நான் கேட்ட ஏச்சுக்கு என்ன சொல்லுதிய ராகேலு?"

கூடமே குலுங்கியது. பாஸ்டர் வேதப்புத்தகத்தால் முகத்தை மறைத்தார். தோள்கள் ஆடியது எல்லாருக்கும் தெரிந்தது.

ஒழுங்கு மாறியதாக எந்த அறிவிப்பும் வரவில்லை. டேப் மட்டும் பிறகு வாசலுக்கு வரவில்லை. சிலர் கையைக் குறைத்துக்கொண்டார்கள், சிலர் அப்படியே போட்டார்கள். மூன்றாவது வாரம் பாஸ்டர் வீட்டம்மாவே ஒரு பையைக் கடையில் வைத்து, "கொஞ்சம் ஏத்தி அடிச்சிரு, என்னா?" என்றாள்.

ஆனால் ஸ்மைலின் அதற்குள் அயர்லாந்துக்குப் போயிருந்தாள். ராகேல் வாட்ஸாப்பில் பேசி அனுப்பினாள்: "தப்பு என் மேலயாக்கும் மக்களே. சபைலயும் எந்திரிச்சுச் சொல்லிட்டேன்." நீலக் குறி இரண்டு விழுந்தன, பதில் இல்லை. இரண்டு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பினாள். அதற்கும் நீலக் குறிதான். மிஷினை மிதிக்கும்போதெல்லாம் பக்கத்தில் கிடந்த போனை ஒரு பார்வை பார்ப்பாள்.

இந்த ஜனவரியில் அது மினுங்கியது.

"அக்கா, இங்க சேலை கட்டித்தான் சர்ச்சுக்குப் போறேன். பயங்கரக் குளிரு. நாலு ஜாக்கெட் தைச்சு அனுப்புவியளா? முட்டுக்குக் கீழ ரெண்டு இஞ்சு காணாது, மணிக்கட்டு வரைக்கும் வேணும். தப்பா வெட்டிராதிங்க. ஓணத்துக்கு ஊருக்கு வாறேன், ஞாயித்துக்கிழமை எனக்கு உங்க பக்கத்துல இடம் போட்டு வைங்க."