சிறப்பு விருந்தினருக்கு அவசரம்

பந்து என் கையை விட்ட பிறகுதான் ஹூட்டர் அடித்தது. யார் வந்து எங்கே நின்று கேட்டாலும் சொல்வேன். ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. புளிக்கட்டும்.

அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். காரைக்குடியில் நடந்த பள்ளிகளுக்கான கூடைப்பந்துப் போட்டியில் எங்கள் அணி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே ஆடிய சான்றிதழ் இருந்தால் மதுரையில் ஒரு கல்லூரியில் விளையாட்டுக் கோட்டாவில் இடம் கிடைக்கும். அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். "கோட்டாவுல சீட்டு கெடச்சா மதுரைக்குப் போ. இல்லையா, இங்குட்டே எதையாவது படிச்சிட்டு வீட்டுல இரு." அவர் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான்.

சிறப்பு விருந்தினர் வந்தால்தான் ஆட்டம் என்று எங்களை உட்கார வைத்துவிட்டார்கள். நான்கு மணிக்கு வரவேண்டியவர் ஐந்தேகாலுக்கு வந்தார். கொட்டுமேளம், குத்துவிளக்கு, பொன்னாடை, எங்களை வரிசையாக நிறுத்திக் கைகொடுத்தல், போட்டோ. அதோடு விட்டார்களா? இரண்டாம் பாதியில், அவரோடு வந்த இன்னும் இரண்டு பேருக்குப் பொன்னாடை போர்த்த ஆட்டத்தையே நிறுத்தினார்கள். உடம்பில் வியர்வை காய, மைதானத்தின் நடுவில் நின்று கைதட்டினோம்.

கடைசியில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து என்னிடம் வந்தபோது மீதி மூன்று விநாடி. ஒரு தட்டு, ஒரு எட்டு, எறிந்துவிட்டேன். பந்து பாதி தூரம் போன பிறகுதான், நேரம் முடிந்தது என்று ஹூட்டர் கத்தியது. போர்டில் பட்டு வளையத்துக்குள் விழுந்தது பந்து. நேரம் முடியுமுன் கையை விட்ட பந்து செல்லும் என்பது இந்த விளையாட்டில் பொடிசுகளுக்கும் தெரியும். இப்போது இரண்டு அணியும் சமம். சமமானால் இன்னும் ஐந்து நிமிடம் ஆட வேண்டும். நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தபோது ரெஃப்ரி இரண்டு கைகளையும் குறுக்கே வீசினார். செல்லாதாம்!

"சார், கையை விட்ட பெறகுதான அடிச்சாக? நல்லாப் பாத்தீகளா?"

"பாத்துட்டுத்தாம்மா சொல்றேன். போ அங்குட்டு."

எங்கள் பி.டி. டீச்சர் ஆட்டத்தைச் செல்போனில் படம் பிடித்திருந்தார். ஓடிவந்து ரெஃப்ரியின் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்த மனுஷன் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. "செல்போனப் பாத்துத் தீர்ப்புச் சொல்ல ரூல் இல்ல டீச்சர்" என்றார். அதற்குள் மைக்கில் பரிசளிப்பு என்று அறிவித்துவிட்டார்கள். அடேயப்பா, என்ன வேகம்! ஒன்றேகால் மணி நேரம் எங்களைக் காக்க வைத்தவர்களுக்கு, மேசை போட்டுக் கோப்பைகளை அடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சிறப்பு விருந்தினர் இரண்டாம் பரிசை என் கையில் திணித்து, "அடுத்த வருசம் பாத்துக்கலாம்மா" என்றார். பிளஸ் டூ பிள்ளைக்கு ஏதய்யா அடுத்த வருடம்? கேட்டிருக்க வேண்டும். வாயெடுப்பதற்குள் அடுத்த பரிசுக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர் கார் கிளம்பிப் போனது. ரெஃப்ரி உட்கார்ந்து சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நேரே அவர் முன்னால் போய் நின்றேன்.

"உண்மையச் சொல்லுங்க சார். பந்து கையை விட்டுருச்சுல்ல?"

பேனாவை நிறுத்தாமலே சொன்னார். "விட்டுருச்சும்மா. நானும் பாத்தேன். சமமாயிட்டா இன்னும் அஞ்சு நிமிசம் ஆட விடணும்ல? பெறகு பரிசு யாரு குடுப்பா? அவுகளுக்குச் சிங்கம்புணரியில ஒரு கல்யாண ரிசப்சன். ஏழு மணிக்கெல்லாம் அனுப்பிச்சிரணும்னு கமிட்டியில முன்னாடியே சொல்லிப்புட்டாக."

மழுப்பக்கூட இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவளுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். "அத அப்பிடியே எழுதிக் குடுங்க சார்" என்றேன். சிரித்தார்.

"கோவப்படாதம்மா. ஆடியிருந்தாலும் அந்த டீம்தான் செயிச்சிருக்கும். உங்க புள்ளைக எல்லாம் களைச்சுப் போச்சுக."

இருக்கலாம். இல்லையென்று நான் சத்தியம் செய்யமாட்டேன். எனக்கே மூச்சு இரைத்தது, எங்கள் தடுப்பாட்டக்காரி நொண்டிக்கொண்டிருந்தாள். அந்த ஐந்து நிமிடத்தில் நன்றாக உதை வாங்கியிருப்போமோ என்னவோ. வாங்கியிருந்தால் வீட்டுக்குப் போய், "ஆடித் தோத்துட்டேம்ப்பா" என்று தலைநிமிர்ந்து சொல்லியிருப்பேன். அன்றைக்கு வாசலில் நின்று நான் சொன்னது வேறு.

"சிங்கம்புணரியில யாருக்கோ கல்யாணமாம்ப்பா. அதனால நான் மதுரைக்குப் போக முடியாது."