கேபின் மெத்தைக்கு ஒரு தையல் மிஷின்

புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலையிலிருந்து நானூற்றுப் பத்து தப்படி உள்ளே, என் வீட்டுக்கு அடுத்த வீடு அங்காளம்மாளுடையது. சேந்தமங்கலத்தில் பிறந்தவர். 1987இல் லாரி டிரைவர் காளியப்பனைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தார். லாரி கேபினில் டிரைவர்கள் படுக்கும் பலகைக்கு மெத்தை தைப்பது அவர் தொழில்.

தொடங்கியது 1993 சித்திரையில். நாக்பூர் போய்த் திரும்பிய காளியப்பனின் முதுகெல்லாம் கொப்புளம். ரெக்சின் சீட்டின் சூடு. அங்காளம்மாள் தன் பழைய சேலைகளை மடித்து, நடுவே ஒரு போர்வையை வைத்து, பெடல் மிஷினில் தைத்துக் கொடுத்தார். அடுத்த நடையில் மற்ற டிரைவர்கள் அதில் படுத்துப் பார்த்துவிட்டு, தங்களுக்கும் கேட்டார்கள். ஒவ்வொரு மெத்தைக்கும் வெட்டி எறியும் ஓரத்துணியில் ஒரு துண்டைத் தகர டின்னில் போட்டு வைப்பார். போன வருஷம்வரை சேர்ந்ததை நான் ஒருமுறை எண்ணினேன். 1,164 துண்டுகள்.

மெத்தை ஆறடி நீளம், இருபத்தேழு அங்குல அகலம், பத்து மடிப்பு. தையல் வரிகள் நீளவாக்கில், இரண்டு விரல் இடைவெளியில் ஓடவேண்டும். இடைவெளி கூடினால் உள்ளே இருக்கும் துணி நகர்ந்து ஒரு பக்கம் குவிந்துவிடும். மேல்மடிப்பு மட்டும் அந்த டிரைவரின் மனைவி பல வருஷம் கட்டித் துவைத்த சேலையாக இருக்க வேண்டும். புதுத்துணி வழுக்கும், வேர்க்கும் என்பார்கள். அது மட்டுமே காரணம் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். கட்டிக் கழித்த சேலையைப் பெண்கள் வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. அங்காளம்மாளிடம் கொடுப்பார்கள்.

2023 பிப்ரவரியில் அவருடைய வலது முழங்கால் வீங்கியது. இனி பெடல் மிதிக்கக் கூடாது என்றார் டாக்டர். கையிலிருந்த ஐந்து மெத்தைகளை வெளியே தைக்கக் கொடுத்தார். வரிகள் நாலு விரல் இடைவெளியில் வந்தன. மூன்று டிரைவர்கள் மெத்தையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். சேலைகள் வேறு கைக்குப் போனதும் பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. மே மாதம் ஒரு சேலைகூட வரவில்லை. மோட்டார் வைத்த மிஷின் வாங்கினால்தான் தொழில் நிலைக்கும். அதுவும் ஒரே ஒரு முறைதான் வாங்க முடியும். தவறான மிஷின் வந்தால் அதோடு முடிந்தது.

ஜூன் 12, திங்கட்கிழமை, காலை 8.50 பஸ்ஸில் கிளம்பினோம். ஊசியைத் தாங்கி நிற்கும் மிஷின் கைக்கு அடியில் சுருட்டிய மெத்தை நுழையுமா என்று அளந்து பார்க்க நாடாவோடு என்னையும் அழைத்திருந்தார்கள். அங்காளம்மாள் மடியில் ஒரு துணி மூட்டை இருந்தது. 10.25க்குச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தையல் மிஷின் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் ரஹமத்துல்லாவும் அவர் மனைவி ஷஹர்பானுவும் சேர்ந்து நடத்தும் கடை.

காளியப்பன் நேராக ஒரு வெள்ளை மிஷின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இருபத்தி நாலு தினுசுத் தையல் போடுமாம் புள்ள. பூ, கொடி, இல, எல்லாம் வருமாம்."

"லாரியில தூங்கறவனுக்குப் பூ எதுக்குங்க? கண்ணத் தொறந்து வெச்சுட்டா தூங்குவான்?"

"பாக்க லட்சணமா இருக்குமில்ல?"

"உங்களக் கட்டிக்கிட்டப்ப நான் லட்சணத்தையா பாத்தேன்?"

ரஹமத்துல்லா சிரிப்பை அடக்க முடியாமல் பில் புத்தகத்தைப் புரட்டினார்.

அங்காளம்மாள் மூட்டையை அவிழ்த்து இரண்டு சேலைகளை எடுத்துக் கொடுத்தார். பத்து மடிப்பாக மடித்து வெள்ளை மிஷினில் விட்டார்கள். தையல் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு போல ஓடியது. அங்காளம்மாள் சரியென்று தலையை ஆட்டினார். ரஹமத்துல்லா பில் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார்.

ஷஹர்பானு மட்டும் சேலையை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

"இது புதுசா இருக்கேக்கா. இதையா மெத்தைக்குள்ள போடுறீங்க?"

காளியப்பன்தான் சொன்னார்.

"ரெண்டும் தீவாளிச் சேலைங்க. ஊட்டுல தைக்கறதெல்லாம் தொவைச்சு தொவைச்சு நூலாப் போனது. கடைக்குப் போறோம், நல்லதா எடுத்துக்கலாம்னு மாத்திட்டா."

"பின்ன? கட்டிக் கழிச்சத நாலு ஆம்பளைங்க முன்னாடி விரிக்கறதுங்களா? நாளைக்கு எவ எங்கிட்டச் சேல குடுப்பா?" என்றார் அங்காளம்மாள்.

ஷஹர்பானு சேலையை மடித்து வைத்தார். பிறகு கணவரைப் பார்த்து, "நீங்க மூணு பேரும் போயி டீ குடிச்சிட்டு வாங்க. கூப்பிட்டாத்தான் வரணும்" என்றார்.

ஆண்கள் மூவரும் தெருவில் நின்றோம். ஆட்டோக்கள் உரசிக்கொண்டு போயின. உள்ளே மிஷின் ஓடி நிற்கும் சத்தம், பிறகு வேறொரு மிஷினின் சத்தம், இரண்டு பெண்களின் பேச்சு. பதினேழு நிமிஷம். காளியப்பன் இரண்டாவது டீ குடித்தார்.

கூப்பிட்டபோது வெள்ளை மிஷினுக்கு உறை மாட்டியிருந்தது. மூட்டை சுற்றிக் கொண்டுவந்த துணி, அங்காளம்மாளின் சொந்தப் பழஞ்சேலைப் பாதி, இரண்டு அங்குலம் கிழிந்து அவர் கையில் சுருண்டிருந்தது. ஷஹர்பானு விளக்கினார். பூப்போடும் மிஷினில் ஊசி இடம் வலமாக ஆடும். அதற்காக ஊசி இறங்கும் தகட்டில் துளையை நீளமாக வெட்டியிருப்பார்கள். நைந்த துணியை ஊசி அந்தத் துளைக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போய்விடும். நேர்தையல் மட்டும் போடும் பவர் மிஷினில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரே சின்ன வட்டத் துளைதான். அதில் பழஞ்சேலை கிழியவில்லை. சரட்டென்று ஓடாமல் வேகத்தைக் குறைத்து வைக்கும் மோட்டாரும் பொருத்தித் தருவார்களாம்.

நான் நாடாவைப் பிடித்தேன். வெள்ளை மிஷினில் ஊசியிலிருந்து உள்சுவர்வரை ஆறரை அங்குலம். பவர் மிஷினில் பத்தரை; சுருட்டிய மெத்தை நுழையும்.

"மேசை நாலடி நீளம் வருது. ஊட்டுல எங்க போடறது?" என்றார் காளியப்பன்.

"உங்க கட்டில வெளிய போட்டுருவேன். மெத்த தெச்சுத் தாரேன், படுத்துக்குங்க."

மிஷினை வாங்கிவிட்டார். வியாழக்கிழமை டெம்போவில் வந்து இறங்கியது. கட்டில் வாசலுக்குப் போனது.

முதலில் தைத்தது ஆனந்தகுமார் என்ற டிரைவருக்கு. மெத்தையைத் திருப்பிக் கொண்டுவந்த மூவரில் ஒருவர். ஜூன் 19 அன்று, இடது காலால் மெல்ல அழுத்திப் பதினேழு வரிகள் ஓட்டினார். ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆயிற்று. நடுவரிக்கு வந்தபோது பாதி மெத்தை சுருண்டு மிஷினின் கைக்கு அடியில் முட்டாமல் போனது. மேல்சேலையில் ஒரு இழைகூட இழுபடவில்லை. ஆனந்தகுமார் மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்த நடை முடிந்து ஊர் வந்தார். மெத்தை திரும்பி வரவில்லை.

ஆகஸ்ட் 7, மாலை 4.10க்கு ஒரு டிரைவரின் இளம் மனைவி வந்து வாசலிலேயே நின்றாள். பெயர் தேவிப்ரியா. கையில் மஞ்சள் பை.

"மெத்த நீங்களேதான் தெக்கறீங்களாங்க? வேற யாருக்காச்சும் குடுத்து வாங்கறதுங்களா?"

"நானேதான் சாமி. உள்ள வா."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். மிஷினில் பாதி தைத்த மெத்தை ஒன்று இருந்தது. பையிலிருந்து சேலையை எடுத்து, மடிப்பைத் திருப்பி, சாயம் போன பக்கம் உள்ளே போகும்படி வைத்து, அங்காளம்மாள் கையில் கொடுத்தாள்.